வியாழக்கிழமை அரை மணி நேரம்

10.1.2024, புதன்
தானா ராத்தா

இந்த நோட்டில் நான் எழுதக் கூடாது. மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. முதலிலேயே கேட்டுவிடுவது என் பழக்கம்.

இது நோயாளிகளுக்காக அச்சடித்த நோட்டு. அட்டையில் 'விழுந்த நாள் குறிப்பேடு' என்று தமிழிலும் மலாயிலும் போட்டிருக்கிறது. உள்ளே: 'விழுந்தால் தேதியிட்டு எழுதவும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் வெறுமையாக விடவும்.' வாங்கிப் போனவர்கள் எல்லாரும் வெறுமையாகவே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒருவர் மட்டும் லாட்டரிக்கான நாலு இலக்க நம்பர்களை எழுதி வைத்திருந்தார். மிச்ச நோட்டுகள் அலமாரியில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை. விதிப்படி நானும் வெறுமையாக விட வேண்டியவள்தான்.

வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். பூக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறக்கட்டளையின் இரண்டு அறை ஆபீஸ். என் பதவி 'ஒருங்கிணைப்பாளர்'. ஊருக்குப் போய், கோலா தெர்லாவில் அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னபோது, "போன் பேசுற வேலையா? நல்லதுலா, மழையில நிக்க வேணாம்" என்றார்.

சரிதான். போன் பேசுகிற வேலைதான். வயதானவர் ஒருவர் லேசாகக் கையை ஊன்றியதிலேயே எலும்பு முறிகிறது என்றால், அது வெறும் விபத்து இல்லை. எலும்பு உள்ளே இளைத்துப் போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். தோட்டத்துக் கிளினிக்கில் சீனி வியாதிக்கு மாத்திரை கொடுப்பார்கள். எலும்பு ஸ்கேன் எடுக்க மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்க வேண்டும். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நின்று எல்லாரையும் கோக்க வேண்டும், இரண்டாவது எலும்பு முறிவதற்கு முன்னால். இரண்டாவது பெரும்பாலும் இடுப்பாக இருந்துவிடுகிறது என்று சிஸ்டர் யோகேஸ்வரி சொன்னார். ஓய்வு பெற்ற நர்ஸ் அவர், என் மேலதிகாரி. இடுப்பு போனால் பல பேர் திரும்ப நடப்பதில்லை.

போன் அடித்தால் வேறு யாராவது எடுப்பார்களா என்று பார்க்கிற ஒருத்தியை இந்த வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.


11.1.2024, வியாழன்

டயல் செய்வதற்கு முன்னால் பேச வேண்டியதை எல்லாம் தாளில் எழுதிக்கொள்கிறேன். 'வணக்கம்' என்பதைக் கூட.


23.1.2024, செவ்வாய்

இன்று ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துக்கு, நோயாளியை வீட்டிலேயே பார்க்கப் போனோம். வேன் ஓட்டுகிற சிங்காரம் அண்ணன், சிஸ்டர், நான்.

லைன் வீட்டு வரிசையில் கடைசிக் கதவு. பாஞ்சாலை, அறுபத்தேழு வயது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. நவம்பரில் இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தாகிவிட்டது. விரல்கள் மட்டும் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

பாரத்தில் முதல் கேள்வியை நான் படித்தேன். "கடந்த ஒரு வருஷத்துல விழுந்தீங்களா?"

"இல்ல."

"கை எப்படி முறிஞ்சது?"

"லோங்காங் பலகை பாசி புடிச்சுக் கெடந்துச்சு. சறுக்குச்சு. கைய ஊனுனேன்."

"அப்ப விழுந்தீங்க."

"நான் எங்க விழுந்தேன்? சறுக்குச்சுன்னு சொல்றேன். விழுந்தது எங்க வீட்டுக்காரரு. குளிக்கிற இடத்துல விழுந்தாரு, இடுப்பு போச்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. அதுக்குப் பேருதான் விழுறது. மலையில வேல செஞ்சவள பாத்து விழுந்தியான்னு கேக்குறியே, நாளைக்கு நாலு தடவ சறுக்கும். அதெல்லாம் எழுதவா சொல்ற?"

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சிஸ்டரைப் பார்த்தேன். ஏன் எல்லா நோட்டும் வெறுமையாக வந்தது என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

கிளம்பும்போது அவர் சொன்ன லோங்காங்கை, வாசல் சாக்கடையை, நான் பார்த்தேன். மேலே ஒற்றைப் பலகை, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. துணி காயப்போட அவர் தினமும் அதைத் தாண்ட வேண்டும். கைப்பிடி ஒன்று வைத்துத் தரும்படி தோட்டத்து ஆபீஸில் உள்ள கிராணிக்குக் கடிதம் எழுத வேண்டும்.


26.1.2024, வெள்ளி

கேள்வியை மாற்றினேன். 'கால் சறுக்குச்சா? தடுக்குச்சா? எங்கயாவது புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டீங்களா?' பழைய கேள்விக்குப் பதினான்கு பேரில் ஒருவர்தான் ஆமாம் என்றிருந்தார். இப்போது பதினொரு பேர்.

"பரவால்லயே, நீ வாயத் தொறக்காட்டியும் காதத் தொறந்து வெச்சிருக்க" என்றார் சிஸ்டர்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்பாவை அழைத்தேன். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்பா." "சரி, வேல இருக்கும். வெச்சிடவா?"

அப்பா என்னைத் திட்டி மூன்று வருஷம் ஆகிறது. பட்டம் வாங்கிய நாளோடு நிறுத்திவிட்டார்.


2.2.2024, வெள்ளி

எலும்பு மாத்திரைக்கான விளக்கத் தாள் வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், ஒரு குவளை தண்ணீரோடு. அதன் பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. தாளில் 'வெற்று நீருடன் உட்கொள்ளவும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். கோலா தெர்லா ரோட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் கருப்பையாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"வெத்தலையோடயாம்மா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்லங்கய்யா, கோசோங், கோசோங்" என்றேன். "ஓ, கோசோங்கா! அப்படித் தெளிவாச் சொல்லு" என்றார்.

மலாயில் கோசோங் என்றால் வெறுமை. கடையில் 'ஆயர் கோசோங்' என்றால் வெறும் தண்ணீர் வரும். குழந்தைக்குக் கூடத் தெரியும். விளக்கத் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு 'கோசோங்குல முழுங்கணும்' என்று என் கையால் எழுதினேன். சிஸ்டர் படித்துவிட்டுத் தலையாட்டினார். இனி எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லப் போகிறேன்.


20.2.2024, செவ்வாய்

பாஞ்சாலையின் ஸ்கேன் முடிவு ஈப்போவிலிருந்து வந்தது. நினைத்ததைவிட மோசம். மாத்திரை தொடங்குகிறோம். நாள்: வியாழன், காலை ஏழு.

"மாத்திரை போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம இருக்கணுமா? எனக்கு மாத்திரைன்னாலே தூக்கம் வரும்" என்றார்.

"நான் வேணா போன் பண்ணிப் பேசிட்டே இருக்கேன்."

எழுதி வைக்காமல் சொன்ன வாக்கியம். எப்படிச் சொன்னேன்?


22.2.2024, வியாழன்

ஏழு மணிக்கு, தங்கியிருக்கும் அறையிலிருந்தே கூப்பிட்டேன். தாளில் பத்து வரி எழுதியிருந்தேன். நான்காவது வரிக்கு மேல் தேவைப்படவில்லை, மீதிப் பேச்சை அவரே பார்த்துக்கொண்டார்.

"மாத்திரை போட்டுட்டீங்களாம்மா?"

"போட்டாச்சு. அம்மா கிம்மான்னு கூப்புடாத, எனக்கு வயசான மாதிரி இருக்கு. அக்கான்னு கூப்புடு."

"அக்கா."

"இன்னும் சத்தமா. நீ என்ன, போனுக்கு வலிக்கும்னு பேசுறியா?"

அரை மணி நேரம் ஓடிவிட்டது.


14.3.2024, வியாழன்

அக்கா இன்று முழுக்க சிங்காரம் அண்ணனின் வேனைப் பற்றிப் பேசினார். "எலும்பப் பாக்குறதுக்கு எலும்பு முறிக்கிற வேனுல கூட்டிட்டுப் போறீங்க. ஈப்போ போய்ச் சேர்றதுக்குள்ள டாக்டருக்கு ரெண்டு மூணு கேசு கூடுதலாக் கெடைக்கும்." நான் சிரித்தது என் அறையில் எனக்கே கேட்டது.

பேச்சுக்கு இடையில் ஒரு சின்ன உறிஞ்சல் சத்தம் வருகிறது. எல்லா வாரமும். ஒரு குவளை முழுக்கக் குடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறார் போல. சொன்னதைக் கேட்கிறவர்.


11.4.2024, வியாழன்

நோன்புப் பெருநாள் விடுமுறை. மலைப்பாதை முழுக்கக் கார். ஆபீஸ் இல்லை. இருந்தாலும் ஏழு மணிக்கு.


8.5.2024, புதன்

கைப்பிடிக்காக மூன்றாவது கடிதம். கிராணி, "பாக்கலாம்மா" என்றார். எலும்பு உடையாமல் இருப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. நாங்கள் நன்றாக வேலை செய்தால் ஒன்றுமே நடக்காது.


20.6.2024, வியாழன்

இன்று எனக்குப் பிறந்தநாள். இருபத்தைந்து. அம்மாவுக்குத் தேதி நினைவிருக்காது, நட்சத்திரம்தான் நினைவிருக்கும்.

அக்காவிடம் சொல்ல நினைத்தேன். தாளில் கடைசி வரியாக எழுதியும் வைத்திருந்தேன். அவர் பாதியிலேயே, "என்ன இன்னிக்கு ஒரு மாதிரி இருக்க?" என்று கேட்டார். "ஒன்னும் இல்லக்கா" என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது.

ஏழரைக்குப் போனை வைத்த பிறகு அடுத்த வியாழன் வரை என்னிடம் யாரும் அரை மணி நேரம் பேசப் போவதில்லை. அது தெரிந்தேதான் வைக்கிறேன்.


1.8.2024, வியாழன்

"முதுகு புடிச்சிருக்கு. குளிருதுல்ல" என்றார் அக்கா.

"சறுக்குச்சாக்கா?"

"சறுக்கல, விழல. நெலக்கடல மூட்டை மாதிரி உக்காந்தே கெடந்தேன்."

பதிவில் எழுதினேன்: முதுகு வலி, விழவில்லை, சறுக்கவில்லை. அடுத்த பரிசோதனை செப்டம்பரில். முன்னாலேயே கூட்டிப் போகலாமா என்று சிஸ்டரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தொந்தரவாக இருக்குமோ என்று.


17.9.2024, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஈப்போவிலிருந்து டாக்டர் இங்கே ஆஸ்பத்திரிக்கு வரும் நாள். அக்காவைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தார்கள். பிப்ரவரியில் இருந்ததைவிட இரண்டரை சென்டிமீட்டர் குறைவு. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்று அமுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருக்கிறது. விழாமலேயே. சறுக்காமலேயே. அந்தக் குளிர் வலி குளிர் வலி இல்லை.

டாக்டர் கேட்டார், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று. சிஸ்டர் என் பதிவைக் காட்டினார். முப்பது வியாழக்கிழமை, முப்பது டிக். "எதுல முழுங்குறீங்க?" என்று சிஸ்டர் கேட்டார். "கோசோங்குலதான்" என்றார் அக்கா. டாக்டரும் 'கோசோங்' என்று எழுதிக்கொண்டார். மூன்று பேருக்கும் திருப்தி. இந்த மருந்து இவருக்குக் கேட்கவில்லை போல, ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசிக்கு மாற்றலாம் என்றார் டாக்டர்.

திரும்பும்போது சிஸ்டர் வரவில்லை. வேனில் அக்கா பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தார்.

"இவ்வளவு நேரம் உக்கார வெச்சாங்க, ஒரு கோசோங் கூடக் குடுக்கல பாத்தியா. நல்லவேள, நானே கலக்கி எடுத்துட்டு வந்தேன்."

மூடியில் ஊற்றினார். கறுப்பாக இருந்தது. ஆவி பறந்தது.

தே ஓ கோசோங். பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி.

"அக்கா... வியாழக்கிழமையும் இதுலதான் முழுங்குறீங்களா?"

"பின்ன? நீதான சொன்ன. சீனி கிளினிக்குலயும் அதத்தான் சொன்னாங்க, இனிமே கோசோங்குதான்னு. அஞ்சு வருஷமா வேற எதுவும் தொடுறதில்ல."

அந்த உறிஞ்சல் சத்தம். முப்பது வாரம் கேட்டேன். நோட்டில் எழுதி வேறு வைத்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரை யார் உறிஞ்சிக் குடிப்பார்கள்? சூடாக இருந்தால்தானே உறிஞ்சுவார்கள்? தேத்தண்ணியோடு முழுங்கினால் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விளக்கத் தாளில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் அடித்த வரிக்கு நேர் கீழே.

சிங்காரம் அண்ணன் முன்னாலிருந்து, "எனக்கும் ஒரு மூடி ஊத்துக்கா" என்றார். அந்த மூடியை நான்தான் வாங்கி முன்னால் நீட்டினேன்.


18.9.2024, புதன்

தேத்தண்ணி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஆபீஸில் சிஸ்டர் இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். டாக்டர்தான் மருந்து கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாரே. எப்படியும் ஊசிக்கு மாற்றப் போகிறார்களே. நான் சொல்லி என்ன ஆகப் போகிறது? அமுங்கின எலும்பு நிமிருமா?

இப்படி ஒரு வக்கீல் எனக்குள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.


19.9.2024, வியாழன்

ஊசி வரும் வரை மாத்திரை உண்டு. ஏழு மணிக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னிக்கு பச்சத் தண்ணில முழுங்குங்க."

"ஏன், மாத்திட்டாங்களா?"

"ஆமாக்கா. மாத்திட்டாங்க."

மாத்திட்டாங்களாம். யார் மாத்தினாங்க? பொய் சொல்ல மட்டும் தாள் தேவைப்படவில்லை.


20.9.2024, வெள்ளி

காலையில் பட்டியலைத் திறந்தபோதுதான் உறைத்தது. நான் எப்படி இவ்வளவு மக்காக இருந்தேன் — அக்கா ஒருத்தர் மட்டும் இல்லை. என் வாயால் கோசோங் என்று கேட்டவர்கள் இன்னும் இருபத்தைந்து பேர். இன்று வெள்ளிக்கிழமைக்காரர்கள் நாலு பேர் முழுங்கியிருப்பார்கள். நாளைக்கு மூணு பேர். நான் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும்.

சிஸ்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். எழுதிய தாளைக் கையில் வைத்திருந்தேன், படிக்கவில்லை. சொல்லி முடித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"செவ்வாக்கெழம தெரியும். இன்னிக்கு வெள்ளிக்கெழம."

"ஆமா சிஸ்டர்."

"மூணு நாளு."

"ஆமா."

"அந்தத் தாள நானும் படிச்சேன். நானும் தலையாட்டுனேன். அது என் தப்பு. இந்த மூணு நாளு இருக்கே, அது உன் தப்பு. அழுறதா இருந்தா இப்ப வேணாம். உக்காரு. பட்டியல்ல ஆளுக்குப் பாதி போன் பண்ணுவோம். 'எதுல முழுங்குறீங்க'ன்னு கேக்காத. 'மாத்திரை போடுறப்ப கையில இருக்குற குவளைய எனக்குச் சொல்லுங்க, உள்ள இருக்குறது என்ன நெறம்'னு கேளு."


21.9.2024, சனி

இருபத்தைந்து பேரில் ஒன்பது பேர் தேத்தண்ணி. ஒருவர் சீனி போடாத காப்பி. கருப்பையா மட்டும் வேறு.

"குவளையா? குவளை எதுக்கும்மா? கோசோங்குன்னா ஒன்னும் இல்லன்னுதான அர்த்தம்? தண்ணியே இல்லாமத்தான் முழுங்குறேன். நெஞ்சு எரியுது, சொன்னா நிப்பாட்டிடுவீங்கன்னு சொல்லல."

அவரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி சிஸ்டர் ஏற்பாடு செய்தார். உள்ளே புண், பெரிதாக இல்லை. மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால்?

பதினொரு பேர். நான் அவர்கள் பேச்சைப் பேசுகிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஒரு சொல்.


26.9.2024, வியாழன்

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். யாரும் மாற்றவில்லை, முதலிலிருந்தே தண்ணீர்தான், நான் தப்பாகச் சொன்னேன், அதனால் மருந்து சேரவில்லை, அதனால் முதுகு அப்படி ஆகியிருக்கலாம் என்று.

இன்று உறிஞ்சல் சத்தம் இல்லை. பின்னால் சேவல் கூவியது.

"அப்ப முப்பது வாரமா அந்த மாத்திரைக்கு நான் டீ பார்ட்டி வெச்சிருக்கேன்."

"அக்கா, என்னைத் திட்டுங்க."

"இப்ப வேணாம். மாத்திரை போட்டுருக்கேன், நிமிந்து உக்காரணும். திட்டுனா குனிஞ்சுடுவேன்." பிறகு, "முதுகு வலிக்குது புள்ள. பொய் சொல்லல, நல்லா வலிக்குது. ஒரு வியாழக்கெழம ஒக்காந்து ஒன்ன ஒழுங்காத் திட்டுறேன்" என்றார்.

அவர் சிரிக்கிறாரா என்று போனில் தெரியவில்லை.


3.10.2024, வியாழன்

டாக்டர் சிஸ்டரோடு வீடியோவில் பேசினார். என்னையும் உட்கார வைத்தார்கள். தேத்தண்ணி விஷயம் அவருக்குத் தெரியும். மருந்து கேட்கவில்லை என்று இனிச் சொல்ல முடியாது, மருந்து போய்ச் சேரவே இல்லை என்றார். ஆகவே இரண்டு வழி. மாத்திரையையே தண்ணீரோடு ஒழுங்காகத் தொடரலாம், கூடவே நெருக்கமாகக் கவனிக்கலாம். அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஊசி, அது தவறாமல் இருக்க வேண்டும். பிறகு என்னைக் கேட்டார்: "அவரோடு வாரா வாரம் பேசுகிறவர் நீங்கள். எது அவருக்குச் சரியாக வரும்?"

மாத்திரை என்றால் வியாழக்கிழமை இருக்கும்.

அதை நினைத்தேன். நினைக்கவில்லை என்று இங்கே எழுத முடியாது. 'நான் பார்த்துக்கொள்கிறேன் டாக்டர், இனிமேல் தவறாது' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. கேட்பவர்களுக்குப் பொறுப்பான பேச்சாகக் கூட இருந்திருக்கும்.

அக்கா தனியாக இருக்கிறார். விடிந்ததும் கை தானாக அடுப்புக்குப் போகிறது. நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்த வாரம் என்ன ஆகும்? ஒரு எலும்பு ஏற்கெனவே போய்விட்டது. அடுத்தது இடுப்பாக இருந்தால் அந்த வீட்டில் தூக்கிவிட ஆளில்லை.

"ஊசி, டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.


8.10.2024, செவ்வாய்

கைப்பிடி வைத்துவிட்டார்கள். ஐந்தாவது கடிதத்தோடு சிஸ்டர் எக்ஸ்ரே நகலையும் அனுப்பினார். கிராணியே ஆள் கூட்டி வந்து நின்றாராம். பலகையில் ரப்பர் பட்டை அடித்தது சிங்காரம் அண்ணன்.


15.10.2024, செவ்வாய்

முதல் ஊசி, ரிங்லெட் கிளினிக்கில். அடுத்தது ஏப்ரல் பதினைந்து. இந்தத் தேதி இப்போது ஆஸ்பத்திரியிலும், தோட்டத்துக் கிளினிக்கிலும், சீனி வியாதி அட்டையிலும், எங்கள் சுவரிலும் ஒன்றாக இருக்கிறது. நான்கு இடத்தில் ஒரே தேதி. சேர்ந்ததிலிருந்து இதற்குத்தான் பாடுபட்டேன்.

ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே அக்கா, "அப்ப இனிமே காலையில எந்திரிச்சதும் தேத்தண்ணி குடிக்கலாம்?" என்று கேட்டார்.

"குடிக்கலாங்கக்கா."

"கோசோங்குதான?"

"கோசோங்குதான்."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். அதன் பிறகு யாரும் வியாழக்கிழமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.


17.10.2024, வியாழன்

ஏழு மணிக்கு விழித்திருந்தேன். ஏழரை வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். கீழே ரோட்டில் பூ வண்டி சத்தம்.


24.10.2024, வியாழன்

ஒன்றும் நடக்கவில்லை.


31.10.2024, வியாழன்
கோலா தெர்லா

தீபாவளி. நேற்று மாலை பஸ்ஸில் வந்தேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாகிவிட்டது. அம்மா எனக்கு முதல் தோசையை எடுத்து வைக்கிறார். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார், சுகாதாரத் துறையிலிருந்து யாரோ வந்திருப்பது போல. முட்டைக்கோஸ் பாத்தி ஓரமாக ஈரத்தில் அம்மா நடந்து வந்ததைப் பார்த்து, "கால் சறுக்குமாம்மா இங்க?" என்று கேட்டேன். "தெனமும் சறுக்கும், அதுக்கென்ன" என்றார். அவருக்கு ஐம்பத்தாறு. இந்த நோட்டில் ஒரு பக்கத்தை அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

மணி ஆறே முக்கால். வேலை விஷயமாகக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஊசி போட்டாகிவிட்டது, கைப்பிடி வந்துவிட்டது, பதிவில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது. இது ஒருங்கிணைப்பாளர் செய்கிற போன் இல்லை.

அதனால்தான் இன்னும் கவனமாக எழுதிக்கொள்கிறேன்.

வணக்கம் அக்கா. தவமலர் பேசுறேன்.

தீபாவளி வாழ்த்துகள்.

பசியாறிட்டீங்களா? (பதிலுக்குப் பொறு.)

முதுகு எப்படி இருக்கு? (பொறு. 'பரவால்ல' என்றால் இன்னொரு தடவை கேள்.)

லோங்காங் தாண்டும்போது கைப்பிடியப் புடிச்சுக்கிறீங்களா?

ஏப்ரல் பதினஞ்சு நான் வேனோட வந்துடுவேன். பிளாஸ்க் எடுத்துக்குங்க.

(இங்கே போனை வைத்துவிடத் தோன்றும். வைக்காதே.)

அக்கா, ஒரு வியாழக்கெழம ஒக்காந்து திட்டுறேன்னு சொன்னீங்க. இன்னும் திட்டவே இல்ல. மாத்திரை இல்லாட்டியும், அதுக்காவது வாராவாரம் நான் கூப்புடலாமா?